"மற்றவை" என்ற தலைப்பில் ஒரு மீன்

போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி உங்களைத் தூங்க வைத்தேன். இந்த முறை மீன். "பி.காம். படிக்கிறவனுக்கும் ஆழ்கடல் மீனுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று என் வகுப்பில் ரெண்டு பேராவது கேட்பார்கள் என்று தெரியும். சம்பந்தம் இருக்கிறது. கணக்கு நோட்டு வழியாக வந்த சம்பந்தம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மாமா, அம்மாவின் தம்பி, தூத்தூர் பக்கத்தில் விசைப்படகு ஓட்டுகிற ஸ்ராங்கு. நாகர்கோவிலில் இருக்கிற நண்பர்களுக்கே அந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி (நம்ம குழித்துறை ஆறுதான்) கடலில் சேர்கிற தேங்காய்ப்பட்டினத்துக்கு மேற்கே, கேரள எல்லை வரை வரிசையாக எட்டு ஊர்கள்: இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. மொத்தமும் சில கிலோமீட்டர்தான். ஆனால் இந்தியாவில் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பவர்கள் என்றால் முதலில் சொல்லப்படுவது இந்த ஊர்க்காரர்களைத்தான். முப்பது, நாற்பது நாள் தங்கல் போட்டு லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கம், ஓமன் பக்கம் வரை போவார்கள். மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சி ஹார்பரில்.

கரைக்கு வந்தால் மாமா ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். டீசல், ஐஸ், ரேஷன், இரை எல்லாச் செலவும் கழித்து, மீதியைப் போட்டுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். வீட்டில் காமர்ஸ் படிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் அந்த வேலை என் தலையில்.

வரவுப் பக்கத்தில் கேரை, சூரை, தளப்பத்து, சுறா என்று வரிசையாக வரும். கடைசியில் ஒரு வரி: மற்றவை.

போன லீவில் இந்த "மற்றவை"க்கு எதிரில் மூன்று எண்ணம் என்று இருந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. பழக்க தோஷத்தில், "மாமா, இது என்ன ஐட்டம்?" என்று கேட்டேன். அவர் போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான, கருப்பும் பழுப்பும் கலந்த ஒரு சுறா. உடம்பு முழுக்க அங்கங்கே பொத்தான் தைத்த மாதிரி குமிழ்கள், ஒவ்வொரு குமிழிலும் ஒரு முள்.

"கைய வெச்சா கிழிச்சிரும் மக்கா. ஈரலுக்கு மட்டும் கொஞ்சம் வெல கெடைக்கும். அத எதுல எழுத? மத்ததுல போடு."

நானும் மற்றதில்தான் போட்டேன். ஆனால் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அன்றைக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். :)

அதன் பெயர் ஆங்கிலத்தில் பிராம்பிள் ஷார்க். அறிவியல் பெயர் எக்கினோரைனஸ் புரூகஸ். நான் இங்கே முட்சுறா என்றே எழுதுகிறேன். பொன்னத்தேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1788-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அப்படியென்றால் அறிவியலுக்கு இது பழைய மீன். ஆனாலும் உலகத்தில் அரிதாகவே கண்ணில் படுகிற மீன் என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வட கடல், பிஸ்கே விரிகுடா, மத்தியதரைக்கடல் எல்லாவற்றிலும் பிடிபட்டது. இப்போது அங்கே ஒன்று மாட்டினால் அதுவே பெரிய செய்தி.

அந்த மீன்தான் எங்கள் வீட்டுத் திண்ணையில் "மற்றவை, மூன்று எண்ணம்" என்று கிடந்தது.

சரி, இந்த மீன் எங்கெங்கே இருக்கிறது? பரவலைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் விநோதமாக இருக்கும். பிரிட்டனைச் சுற்றி சில புள்ளிகள், மொராக்கோ, மேற்கு ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை, பிரேசில், அர்ஜென்டினா, ஓமன், இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. உலகம் முழுக்கத் தெளித்த மாதிரி. நடுவில் ஆயிரக்கணக்கான மைலுக்கு ஒன்றும் இல்லை. பசிபிக்கில் இதன் ஒரே நெருங்கிய சொந்தம் எக்கினோரைனஸ் குக்கை என்ற இன்னொரு இனம். அந்தக் குடும்பத்தில் மொத்தமே இந்த ரெண்டு பேர்தான்.

இது குளிர்ந்த நீரில் வாழும் மீன். அப்புறம் எப்படி நம்ம ஊர்ப் பக்கம் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கன்னியாகுமரிக் கடலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், 28, 29 டிகிரி. ஆனால் அது மேல்தோல் மட்டும்தான். கீழே போகப் போக வெயில் எட்டாது. 500 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 முதல் 12 டிகிரி. 1000 மீட்டரில் 10-க்கும் கீழே. துருவங்களின் பக்கம் குளிர்ந்து கனத்துப்போன தண்ணீர்தான் உலகக் கடல்களின் அடியில் பரவிக் கிடக்கிறது. ஆகவே நம்ம கடலுக்கு அடியிலும் ஒரு குளிர்நாடு இருக்கிறது. அதற்கு நாம் வடக்கே போக வேண்டாம், கீழே போனால் போதும்.

முட்சுறாவும் அப்படித்தான். குளிர்ப் பிரதேசங்களில் இதை 20 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் பிடித்த பதிவு உண்டு. நம்ம பக்கம் பல நூறு மீட்டருக்குக் கீழேதான் கிடைக்கும், 900 மீட்டர் வரை. நம்மைப் பொறுத்தவரை அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டு மட்டும் போட்டால் இந்த மீனின் முகவரி முழுசாகாது. ஆழம் என்ற மூன்றாவது வரியும் வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வரைபடத்தில் இருக்கிற புள்ளிகள் மீன் வாழ்கிற இடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை, மீன் பிடிபட்டு, யாரோ ஒருவர் அதைப் பார்த்து, பெயர் தெரிந்து, எழுதி வைத்த இடங்கள். இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் புள்ளி கிடையாது. வரைபடத்தில் காலியாக இருக்கிற இடத்தில் மீன் இல்லாமலும் இருக்கலாம், நோட்டு இல்லாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் வரைபடத்தில் ஒரே நிறம்தான்.

நம்ம கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880-களிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவின் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பல் இந்தியாவைச் சுற்றி ஆழ்கடலில் வலை இழுத்தது. அதில் டாக்டராக இருந்த ஆல்காக் என்பவர், கிடைத்த ஆழ்கடல் மீன்களைப் பட்டியல் போட்டு 1899-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் பல மீன்களுக்கு நேரே "திருவிதாங்கூர் கரைக்கு அப்பால்" என்று இடம் இருக்கும். அந்தக் காலத்தில் நம்ம மாவட்டமும் திருவிதாங்கூரில்தானே இருந்தது! ஒரு கப்பல், ஒரு டாக்டர், ஒரு நோட்டு. அவ்வளவில் நம்ம கடல் உலக வரைபடத்தில் ஏறியது.

அதற்குப் பிறகு ஆழ்கடலுக்கு அதிகமாகப் போனது மீன்பிடிப் படகுகள்தான். 2000-ஐ ஒட்டி கொல்லம் பக்கம் ஆழ்கடல் இறால் பிடிக்கும் மடிவலைப் படகுகள் கிளம்பின. கூடவே நம்ம ஊர்த் தூண்டில் படகுகளும் ஈரல் எண்ணெய்க்காக ஆழ்கடல் சுறாக்களைத் தேடிப் போயின. கொச்சியிலும் கொல்லத்திலும் அதுவரை யாரும் பார்க்காத மீன்கள் கரையில் குவிந்தன. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் அங்கே இறங்கிய முட்சுறாக்களை அளந்து, வயிற்றைக் கிழித்துப் பார்த்து, 2013-ல் கட்டுரை எழுதினார்கள். ஐரோப்பாவில் இருநூறு வருடமாகத் தெரிந்த மீன்தான். ஆனால் அது எப்போது பருவத்துக்கு வருகிறது, எத்தனை குட்டி போடுகிறது என்பதற்கு உருப்படியான கணக்கு அரபிக்கடலில் பிடித்த மீன்களிலிருந்துதான் கிடைத்தது. 2024-ல் இந்திய விலங்கியல் அளவைத் துறையினர் ஸ்குவாலஸ் ஹிமா என்று ஒரு புதிய ஆழ்கடல் சுறா இனத்தையே அறிவித்தார்கள். கண்டுபிடித்த இடம்? கொல்லம் சக்திகுளங்கரை மீன்பிடித் துறைமுகம்! அதற்காக அவர்கள் நீர்மூழ்கியில் போகவில்லை. மீன் இறக்குகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜி.எஸ்.டி. எப்படி நுகரப்படும் இடத்தில் வரவாகிறதோ, அதே மாதிரி மீனும் இறக்குகிற இடத்தில்தான் வரவாகிறது. (போன பதிவு வீண் போகவில்லை பார்த்தீர்களா!) லட்சத்தீவுக்கு அப்பால் பிடித்தாலும் கொச்சி, ஓமன் பக்கம் பிடித்தாலும் கொச்சி. நாற்பது நாளில் எந்த இடத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் தூண்டில் போட்டார்கள் என்பது ஸ்ராங்குக்குத் தெரியும். அவருடைய ஜி.பி.எஸ். பெட்டிக்கும் தெரியும். ஏலத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. நம்ம ஊர்க்காரன் பிடித்த மீன் கேரளத்தின் கணக்கில் ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மீனுக்கு வீட்டு முகவரி இல்லாமல் சந்தை முகவரி மட்டும் இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

"இருந்துட்டுப் போகட்டுமே, முள்ளுச் சுறாவுக்கு முகவரி எதுக்கு?" என்று கேட்கலாம். இங்கேதான் என் பாடம் உதவுகிறது.

1973-ல் காலின் கிளார்க் என்ற கனடா நாட்டுக் கணித அறிஞர் ஒரு கணக்குப் போட்டார். எளிமையாக இப்படிச் சொல்லலாம். கடலில் இருக்கிற மீன் முதல். அது போடும் குட்டி வட்டி. ஒரு லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள மீன் வருடத்துக்கு மூன்று சதவீதம்தான் பெருகுகிறது, வங்கியில் ஏழு சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் மட்டுமே பார்க்கிற முதலாளி என்ன செய்வான்? மொத்த மீனையும் இன்றைக்கே பிடித்து விற்று, பணத்தை வங்கியில் போட்டுவிடுவான். கணக்குப்படி அதுதான் சரி! மெதுவாகப் பெருகுகிற எந்த உயிருக்கும் சந்தையில் இந்தக் கதிதான் என்று அவர் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் திமிங்கிலம். நம்ம ஆழ்கடல் சுறாவுக்கும் அப்படியே பொருந்தும்.

குளிர்ந்த நீரில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். கல்பர் சுறா என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பெரிய பச்சைக் கண், முதுகுத் துடுப்புகளில் முள். ஈரல் எண்ணெய்க்கு முதலிடம் இதற்குத்தான். இதில் பல இனங்கள் ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். கர்ப்பமே இரண்டு வருடம் வரை ஆகும். வருடத்துக்கு இரண்டு தடவை ஈனும் ஆட்டை வளர்க்கும் நமக்கு இது நம்ப முடியாத கணக்கு.

ஈரலில் அப்படி என்ன இருக்கிறது? சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. மூழ்காமல் இருக்க ஈரலில் எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது. சில ஆழ்கடல் சுறாக்களுக்கு உடம்பின் எடையில் கால் பங்கு ஈரல்தான். அந்த எண்ணெயில் ஸ்குவாலீன் என்ற பொருள் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ட்சுஜிமோட்டோ 1906-ல் கண்டறிந்தது. முகத்துக்குப் பூசும் கிரீமிலிருந்து சில தடுப்பூசிகள் வரை இதைச் சேர்க்கிறார்கள். ஆலிவ், கரும்பு ஆகியவற்றிலிருந்தும் இதைத் தயாரிக்க முடியும், தயாரிக்கவும் செய்கிறார்கள். இருந்தாலும் சுறா ஈரலுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டிலேயே பார்க்கலாம். மாலத்தீவில் 1980-ல் கல்பர் சுறாப் பிடிப்பு தொடங்கியது. சில வருடங்களில் உச்சத்துக்குப் போனது. பிறகு மளமளவென்று இறங்கி, 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலே இல்லை. 2010-ல் எல்லாச் சுறாப் பிடிப்பையும் அந்த நாடு தடை செய்தது. 2025-ல் கல்பர் சுறாவுக்கு மட்டும் மறுபடி அனுமதி தரப்போவதாக அரசு அறிவித்ததும் உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. 2024-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, ஆழ்கடல் சுறா, திருக்கை இனங்களில் ஏழில் ஒன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது என்கிறது. ஆபத்தில் இருப்பவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஈரல் எண்ணெய் வியாபாரத்தில் சிக்கியவை.

2025-ன் கடைசியில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் சைட்டிஸ் மாநாடு நடந்தது. வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் அது. அங்கே கல்பர் சுறாக்களை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டாம் பட்டியல் என்றால் முழுத் தடை இல்லை. ஏற்றுமதி செய்யலாம், ஆனால் "இந்த வியாபாரத்தால் இந்த இனத்துக்குக் கேடு வராது" என்று நம்ம நாட்டு அறிவியலாளர்கள் சான்று சொல்ல வேண்டும். எதை வைத்துச் சொல்வார்கள்? எங்கே, எந்த ஆழத்தில், எத்தனை, என்ன அளவில் பிடிபட்டது என்ற கணக்கை வைத்து. அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டுத் திண்ணையில், "மற்றவை" என்ற தலைப்பில்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எழுதிக் குடுத்தா அதையே காட்டித் தடை போடுவான் மக்கா. எழுதாம இருக்கதுதான் நமக்கு நல்லது" என்றார்.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் இருக்கிறது. 2001 ஜூலையில் மத்திய அரசு ஒரே அறிவிப்பில் எல்லாச் சுறாவையும் எல்லாத் திருக்கையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. புலி, யானை இருக்கிற அட்டவணை! ஒரே ராத்திரியில் எங்கள் ஊர்த் தொழில் குற்றமாகிவிட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு பின்வாங்கி, பத்து இனங்கள் மட்டும் என்று குறைத்தது.

மாமா இந்தக் கதையை "எழுதாதே" என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. எந்தச் சுறா பெருகுகிறது, எது அருகுகிறது, எது எங்கே கிடைக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், "எல்லாச் சுறாவும்" என்று எழுத வாய்ப்பு குறைவு. கணக்கு இல்லாத வியாபாரியிடம் வருமான வரிக்காரர் என்ன செய்வார்? தானே ஒரு தொகையை மதிப்பிட்டுப் போட்டுவிட்டுப் போவார். அது பெரும்பாலும் வியாபாரிக்குப் பாதகமாகத்தான் இருக்கும். மீனிலும் அதுதான் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்களில் ஆண்கள் பாதிப் பேர் கடலில். எத்தனை படகு போயிருக்கிறது, எந்தத் திசையில், எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல அப்போது யாரிடமும் ஒரு பதிவேடு இல்லை. ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை சொன்னார்கள். காணாமல் போனவர்கள் பட்டியலே பல நாட்கள் மாறிக்கொண்டிருந்தது. அம்மாக்களும் அக்காமார்களும் கையில் போட்டோவை வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். போன மனிதர்களுக்கே கணக்கு இல்லாத கடல் அது. மீனுக்குக் கணக்கு கேட்பது அதிகப்படி என்று சிலர் சொல்லலாம். நான் ரெண்டும் ஒரே பழக்கத்தின் ரெண்டு பக்கம் என்றுதான் நினைக்கிறேன். எங்கே போனோம், எங்கே தூண்டில் போட்டோம் என்று எழுதுகிற படகைத் தேடுவதும் எளிது.

வெற்றிடத்தை மற்றவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதும் முக்கியம். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் மூன்று பகுதிகளை எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கு 2025-ல் ஓ.என்.ஜி.சி.க்கு ஒதுக்கினார்கள். மாவட்டம் முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். அது வேண்டுமா வேண்டாமா என்று தனிப் பதிவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த இடத்தின் அடியில் என்ன வாழ்கிறது என்று கேட்டால், எடுத்து மேசையில் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? "எங்க தாத்தா காலத்துலேர்ந்து மீன் பிடிக்கிறோம்" என்பது உண்மைதான். ஆனால் கூட்டத்தில் எதிர்த்தரப்பு வரைபடத்தைக் கொண்டு வருகிறது. அந்த வரைபடத்தில் நம்ம இடம் காலியாக இருந்தால், "இங்கே ஒன்றும் இல்லை" என்றுதான் படிப்பார்கள்.

பெரிதாக என்ன செய்துவிட முடியும்? 2021-ல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தைச் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்குகிறது. நல்ல விஷயம்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்ப் படகுகள் அந்தக் குளிர்நாட்டின் ஓரத்துக்குத் தூண்டில் இறக்கி, மாதிரிகளைச் சொந்த டீசல் செலவில் கரைக்குக் கொண்டு வருகின்றன. அந்தப் பணத்தில் ஒரு துளியை, படகுக்கு ஒரு நோட்டுக்கும், பதிந்து கொடுக்கிற ஸ்ராங்குக்கு ஒரு சிறு தொகைக்கும், ஹார்பரில் சுறா இனம் பிரிக்கத் தெரிந்த நாலு பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்கும் ஒதுக்கினால் என்ன? விலங்கியல் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிற அக்காமார்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மீன் கிடைக்கிற இடம் தொழில் ரகசியம், அதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். துல்லியமான இடம் வேண்டாம். அரை டிகிரிக் கட்டம், ஆழம், எண்ணிக்கை, ஒரு போட்டோ. இவ்வளவு போதும். இதை வைத்து இன்னொரு படகுக்காரன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விஞ்ஞானிக்கு இதுவே பெரிய விஷயம். கொடுக்கிற கணக்கை வைத்து மீனவர் மேல் வழக்குப் போடக்கூடாது என்ற உத்தரவாதத்தையும் அரசு எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் கணக்குக் கேட்டால் மாமா சொன்னதுதான் சரி.

இதை எல்லாம் அரசு எப்போது செய்யுமோ தெரியாது. நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். மாமாவுடைய அடுத்த தங்கலுக்குப் புது நோட்டு வாங்கி, கோடு போட்டுக் கொடுத்தேன். "மற்றவை" என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாலு கட்டம்: என்ன மாதிரி, எத்தனை, எத்தனை மீட்டர், எந்தப் பக்கம்.

மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு யாரு கூலி தருவா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனார்.

பி.கு: போன வாரம் கடலிலிருந்து கரைக்கு வந்த இன்னொரு படகில் ஒரு போட்டோ கொடுத்து அனுப்பியிருந்தார். அதே முட்சுறா, ஒரு எண்ணம். ஆழம் எழுதியிருக்கிறது, எண்ணிக்கை எழுதியிருக்கிறது. "எந்தப் பக்கம்" என்ற கட்டத்தில் மட்டும் "கடல்" என்று எழுதியிருக்கிறார். ரகசியம் ரகசியம்தான் போல. :)